நிலம் அசையாத ஆண்டுகளுக்கும் ஒரு பட்ஜெட் வேண்டும்

2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 46, 47 என்ற இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பேரிடர் நேர்ந்த பிறகு மீட்புக்கும் நிவாரணத்துக்கும் ஒரு நிதி வேண்டும் என்கிறது முதலாவது. பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைக்க இன்னொரு நிதி வேண்டும் என்கிறது அடுத்தது. நிவாரண நிதி 2010-இல் வந்துவிட்டது. பாதிப்பைக் குறைக்கும் நிதி அமைக்கப்பட்டது 2021 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் 2011-இல் சிக்கிம் குலுங்கியது. 2013-இல் கேதார்நாத்தை வெள்ளம் அடித்துப் போனது. 2015 ஏப்ரலில் நேபாளத்தைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கம் பிகாரிலும் உயிர்களைப் பறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018-இல் கேரளம். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. 47-ஆம் பிரிவு மட்டும் ஏட்டில் உறங்கியது.

நிவாரணம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடிபாட்டில் சிக்கியவரை மீட்கவும், வீடிழந்தவருக்குக் கூரை போட்டுக் கொடுக்கவும் அரசு கஜானாவைத் திறந்தே ஆக வேண்டும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் குலுங்கிய மறுநாளே கோடிகளை அறிவிக்கும் அரசுகள், அதற்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் கருவிக்கும் கள ஆய்வுக்கும் கட்டடப் பரிசோதனைக்கும் கேட்கப்படும் சிறு தொகையை இழுத்தடிக்கின்றன. புயலைப் போல நிலநடுக்கம் நான்கு நாள் அவகாசம் தருவதில்லை. அதை எதிர்கொள்வதற்கான வேலை முழுவதும் அந்த இருபது முப்பது ஆண்டுகளில்தான் நடந்தாக வேண்டும்.

15-ஆம் நிதி ஆணையம் இந்த வழக்கத்தை ஓரளவு மாற்றியது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைக் கணக்கிட்டு, அதில் 80 விழுக்காடு மீட்பு, நிவாரணத்துக்கு, 20 விழுக்காடு பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு என்று பிரித்துக் கொடுத்தது. தேசிய அளவிலும் 13,693 கோடி ரூபாய் தடுப்புப் பணிகளுக்கென்று ஒதுங்கியது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தத் தேசியத் தொகைக்குள் நிலநடுக்கத்துக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் மனம் சோர்கிறது. பத்து மலை மாநிலங்களில் நிலநடுக்கம், நிலச்சரிவு இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க 750 கோடி ரூபாய். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 15 கோடி. அதிலும் நிலச்சரிவுக்குப் போக மிஞ்சுவதுதான் நிலநடுக்கத்துக்கு. 1897-இல் ஷில்லாங், 1905-இல் காங்ரா, 1934-இல் பிகார்-நேபாள எல்லை, 1950-இல் 8.6 அளவில் அசாம் என்று இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பெரிய அதிர்வுகள் பிறந்த இமயமலை, வடகிழக்குப் பகுதிகளுக்கான ஒதுக்கீடு அது. நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 59 விழுக்காடு மிதமான, கடுமையான நிலநடுக்கங்களுக்கு உள்ளாகக்கூடியது என்பதும் அரசே தரும் கணக்குத்தான்.

நிலநடுக்க ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் உடனே எழும் கேள்வி, “எப்போது வரும் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்பது. முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்ட் என்றொரு சிற்றூர், சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் இருக்கிறது. ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்கே 6 அளவில் நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது. 1966-க்கு அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கணித்து, சுற்றிலும் கருவிகளைப் பதித்து ஆய்வாளர்கள் காத்திருந்தார்கள். அது வந்தது 2004 செப்டம்பர் 28-இல். நம்பத்தக்க முன்னறிகுறி எதையும் கருவிகள் காட்டவில்லை. சீனாவில் 1975-இல் ஹைசெங் நகர மக்களை முன்கூட்டியே வெளியேற்றிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார்கள். மறு ஆண்டே டாங்ஷான் நகரம் எச்சரிக்கை ஏதுமின்றிச் சரிந்தது. அரசுக் கணக்கின்படி இறந்தவர்கள் 2,42,000 பேர்.

நாளும் நேரமும் குறித்துச் சொல்ல விஞ்ஞானத்தால் இயலவில்லை. ஆனால் எங்கே வரும், எவ்வளவு பெரிதாக வரக்கூடும், எந்த மண் அதிகமாக ஆடும், எந்தக் கட்டடம் தாங்காது என்பதையெல்லாம் அதனால் சொல்ல முடியும். உயிர்களைக் காப்பதற்கு இந்த நான்கும் போதுமானவை. இவற்றைச் சொல்வதற்குச் சில சமயம் மண்வெட்டியே போதும்.

தாய்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் பிரா தோங் என்ற தீவு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்குள்ள மணல் மேடுகளுக்கு இடைப்பட்ட ஈரத் தாழ்வுகளில் ஆய்வாளர்கள் குழி தோண்டினார்கள். குழியின் சுவரில் மேலே வெளிர் நிறத்தில் ஒரு மணல் பட்டை. அது 2004-இல் கடல் கொண்டுவந்து கொட்டியது. அதன் கீழே மக்கிய இலை தழைகளாலான கறுப்பு மண். அதற்கும் கீழே, அதே வெளிர் நிறத்தில் இன்னொரு மணல் பட்டை. அந்த இரண்டாவது பட்டைக்கும் கீழே உள்ள மண்ணில் கிடைத்த மரப்பட்டைத் துணுக்குகளின் வயதைக் கணித்தபோது, அந்த மணலைக் கடல் கொட்டிச் சுமார் 550 முதல் 700 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2004-இல் வந்ததைப் போன்ற பேரலை இதற்கு முன்பும் வந்திருக்கிறது என்பதற்கான சாட்சி இது. ‘நேச்சர்’ இதழில் 2008-இல் இந்த ஆய்வு வெளியானது. இந்தியப் பெருங்கடலில் சுனாமி வராது என்று நாடுகள் நம்பியிருந்த காலம் முழுக்க அந்த மணல் அங்கேயே கிடந்தது. தோண்டிப் பார்க்க ஆள் அனுப்பப்படவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6.29. அலை தமிழகக் கரையைத் தொட்டபோது மணி கிட்டத்தட்ட 9. இடையில் இருந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மீனவக் குடும்பங்கள் வழக்கமான வேலைகளில் இருந்தன. கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணியில் தங்கியிருந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் நின்றார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழகம் முழுவதும் சுமார் 8,000 பேர். இலங்கையில் 30,000-க்கும் மேல். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் இருந்தது. ஹவாயில் இருந்த அந்த மையத்தின் கருவிகள் சுமத்ரா அதிர்வைச் சில நிமிடங்களிலேயே பதிவு செய்தன. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு ஏதும் இல்லை. இரண்டு மணி நேரம் நடந்தாலே தப்பியிருக்கலாம். ஒரு தொலைபேசி இணைப்பும் ஒரு நடைமுறையும் ஒரு சைரனும் இல்லாததற்கு நம் கடற்கரை கொடுத்த விலை இது. இதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அதன் பிறகு இந்தியா செய்ததை மனமாரப் பாராட்ட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. பெரிய நிலநடுக்கம் நேர்ந்த பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கையை அனுப்புவது அதன் இலக்கு. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் குலுங்கியபோது எச்சரிக்கை வந்தது. சென்னை மெரினாவிலிருந்து மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அன்று நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. எழுந்திருந்தாலும் கரையில் கூட்டம் இருந்திருக்காது.

ஆனால் கருவியை வாங்கி வைப்பதோடு வேலை முடிவதில்லை. சுனாமியைக் கண்டறியும் ஏற்பாட்டில், ஆழ்கடலின் அடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று கிடக்கும். அதற்கு நேர் மேலே ஒரு மிதவை. அடியில் உள்ள கருவி ஒலி அலைகளால் மிதவைக்குச் செய்தி சொல்லும். மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும். உப்புநீரில் உலோகம் அரிக்கிறது, சிப்பிகள் படிகின்றன, மின்கலம் தீர்கிறது, புயலில் நங்கூரக் கயிறு அறுகிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் கப்பல்கள் இவற்றைத் தேடிப் போய் மேலே தூக்கி, பழுது பார்த்து, மறுபடி இறக்கிவிட்டு வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும் என்பதால் படகுகள் அங்கே போகின்றன. மிதவையில் படகைக் கட்டுகிறார்கள். சூரியத் தகடும் உணர்கருவிகளும் சேதமாகின்றன, சில சமயம் காணாமல் போகின்றன. மீனவ ஊர்களுக்குப் போய், இந்த மிதவை உங்கள் பிள்ளைகளுக்காகத்தான் கடலில் நிற்கிறது என்று விளக்க வேண்டியிருக்கிறது. கப்பலுக்கு டீசல், மாலுமிக்குச் சம்பளம், மின்கலம், கிராமக் கூட்டம் என்று ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் செலவு இது. திறப்பு விழா நடத்த இதில் ஒன்றும் இல்லை. நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் இந்த இனம்தான். எச்சரிக்கைக் கருவிகளின் விஷயத்தில் அப்படி வெட்டுவது, கருவியை வாங்காமல் இருப்பதைவிட மோசமானது. இருக்கிறது என்று மக்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நிலத்தில் உள்ள கருவிகளுக்கும் இதுவே பொருந்தும். 2014-இல் நாட்டில் சுமார் 80 நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் இருந்தன. இப்போது தேசிய நிலநடுக்க மையத்தின் கீழ் 160-க்கும் மேல் இயங்குகின்றன. இரட்டிப்பு என்பது நல்ல செய்தி. ஜப்பான் 1995 கோபே நிலநடுக்கத்தில் 6,434 பேரை இழந்த பிறகு நிலத்தடியில் பதித்த நுண்ணதிர்வு நிலையங்கள் மட்டுமே சுமார் 800. இந்தியாவின் பரப்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது. 2007 முதல் அங்கே பொதுமக்களின் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வரும் சில விநாடி முன்னெச்சரிக்கைக்கு அந்த அடர்த்தியே அடிப்படை. நம் நாட்டில் உத்தராகண்ட் மாநில அரசும் ரூர்க்கி ஐஐடியும் சேர்ந்து 2021-இல் இத்தகைய எச்சரிக்கைச் செயலி ஒன்றை வெளியிட்டன. இமயமலையில் அதிர்வு தொடங்கினால் சமவெளி நகரங்களுக்குச் சில விநாடிகள் கிடைக்கும். அந்த விநாடிகளில் ரயிலை நிறுத்தலாம், எரிவாயுக் குழாயை மூடலாம், குழந்தைகளை மேசைக்கு அடியில் இருத்தலாம். இமயத்தின் அடிவாரம் முழுவதற்கும் இதை விரிவாக்குவது ஒரு மாநிலத்தின் கையிருப்பால் ஆகிற காரியமல்ல.

விநாடிகளை வைத்து மட்டும் பிழைத்துவிட முடியாது என்பதை மெக்சிகோ காட்டியது. 1985 செப்டம்பர் 19-இல் பசிபிக் கரையோரத்தில் எழுந்த அதிர்வு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தைச் சிதைத்தது. பழைய ஏரிப் படுகையின் சேற்று மண்மீது நகரின் மையம் நின்றதுதான் காரணம். அதன் பிறகு அமைக்கப்பட்ட எச்சரிக்கை அமைப்பு, கரையோர அதிர்வுகளுக்கு ஒரு நிமிடம் வரைகூட அவகாசம் தருகிறது. 2017-இல் அதே செப்டம்பர் 19-இல் காலை 11 மணிக்கு நகரமே நிலநடுக்க ஒத்திகை நடத்தியது. பிற்பகல் 1.14-க்கு உண்மையான நிலநடுக்கம் வந்தது. மையம் நகருக்கு அருகிலேயே இருந்ததால், பல இடங்களில் சைரனும் குலுக்கலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. 369 பேர் இறந்தார்கள். அத்தகைய நாளில் மனிதரைக் காப்பது அவர் நிற்கும் கட்டடம் ஒன்றுதான்.

கட்டடம் என்று வந்தால் ஆராய்ச்சிக் கூடத்தின் பேச்சு கம்பி கட்டுபவரின் கைக்கு இறங்கியாக வேண்டும். தூணுக்குள் நெடுக்காக நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சதுர வளையங்கள் கட்டுவார்கள். கட்டட வேலையில் ‘ரிங்’ என்பார்கள். வளையத்தின் இரு முனைகளையும் 90 டிகிரியில் மடித்து விடுவது சுலபம், பல இடங்களில் அதுதான் பழக்கம். நிலம் ஆடும்போது தூணின் மேற்பூச்சு உதிர்ந்தவுடன் அந்த மடிப்பு விரிந்து திறந்துகொள்கிறது. வளையம் பிடியை விட்டதும் நெடுக்குக் கம்பிகள் பிதுங்குகின்றன, உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்குகிறது, மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகின்றன. அதே முனைகளை 135 டிகிரிக்கு வளைத்துத் தூணின் உட்பகுதிக்குள் செருகிவிட்டால் வளையம் திறக்காது. கூடுதலாகச் செலவாவது வளையத்துக்குச் சில அங்குலக் கம்பியும் கொஞ்சம் நேரமும். இந்த விதியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-லேயே எழுதிவிட்டது. அதற்குப் பின்னே பொதுப் பணத்தில் நடந்த நீண்ட உழைப்பு இருக்கிறது. ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கப் பொறியியலுக்கென்று 1960-இல் தனிப் பிரிவு தொடங்கியது, 1962-இல் நாட்டின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி வந்தது.

2001 ஜனவரி 26 காலை 8.46-க்குக் கட்ச் பகுதி 7.7 அளவில் குலுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. தரைத்தளத்தைச் சுவரில்லாமல் கார் நிறுத்தத் திறந்து விட்டிருந்த கட்டடங்கள் அவற்றில் பல. விதி புத்தகத்தில் இருந்தது. அதைக் கட்டாயமாக்கவும், கம்பி கட்டும் நாளில் தளத்தில் நின்று பார்க்கவும் நகராட்சியில் ஏற்பாடு இல்லை. அஞ்சார் நகரின் குறுகிய தெரு ஒன்றில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள், இருபுறமும் சரிந்த வீடுகளுக்கு அடியில் சிக்கி இறந்தார்கள். குஜராத்தில் இறந்தவர்கள் 13,800-க்கும் மேல் என்பது அரசுக் கணக்கு. அந்த மாநிலம் பின்னர் தனக்கென்று பேரிடர் மேலாண்மை ஆணையத்தையும், காந்திநகரில் நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனத்தையும் அமைத்துக்கொண்டது. மாநில அரசு தன் செலவில் நிலநடுக்க ஆராய்ச்சி நடத்த முடியும் என்பதற்கு அது உதாரணம். ஆனால் அந்த முடிவுக்கு வர அஞ்சாரின் குழந்தைகள் சாக வேண்டியிருந்திருக்கக் கூடாது.

நேபாளம் அப்படிக் காத்திருக்கவில்லை, குறைந்தபட்சம் பள்ளிகள் விஷயத்தில். 1990-களின் பிற்பகுதியிலேயே அங்கே நிலநடுக்கத் தொழில்நுட்பத்துக்கான தேசியச் சங்கம் பள்ளிக் கட்டடங்களைப் பலப்படுத்தத் தொடங்கியது. செங்கல் சுவர்களின் மூலைகளிலும் கதவு, ஜன்னலைச் சுற்றியும் கம்பி வலைப் பட்டைகளை வைத்து, சிமெண்ட் பூசி, சுவர்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும் முறை அது. உள்ளூர்க் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நிலநடுக்கப் பாதுகாப்பு நாளில் பொது இடத்தில் ஆடும் மேசை ஒன்றின்மேல் இரண்டு சிறிய மாதிரி வீடுகளை வைத்துக் காட்டுவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் சுவரைச் சுற்றிப் பட்டைகள் உண்டு. மேசையை ஆட்டினால் ஒன்று நிற்கும், மற்றது கூட்டத்தின் கண்முன்னே உதிரும். தன் வீட்டின் சுவரில் பட்டை இருக்கிறதா என்ற கேள்வியோடு பார்த்தவர்கள் வீடு திரும்புவார்கள். 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவில் நிலம் குலுங்கி ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் சேதமாயின. முன்பே பலப்படுத்தப்பட்ட பள்ளிகளோ பெரும்பாலும் சிறு விரிசல்களோடு நின்றன. சில இடங்களில் வீடிழந்தவர்களுக்கு அவையே தங்குமிடமும் ஆயின. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் வார விடுமுறை. பள்ளி நாளாக இருந்திருந்தால், பலப்படுத்தப்படாத வகுப்பறைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. நம்மைவிட வசதி குறைந்த நாடு செய்த வேலை இது. ஏழை நாடு இதற்கெல்லாம் எங்கே போகும் என்ற வாதம் அந்தப் பள்ளிகளின் முன்னால் நிற்காது.

லாப நட்டக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் பதில் உண்டு. பேரிடர் தடுப்புக்கு அமெரிக்க மத்திய அரசு கொடுத்த மானியங்களை அந்நாட்டின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் ஆராய்ந்தது. எல்லாப் பேரிடர்களையும் சேர்த்துப் பார்த்தால் 1 டாலர் செலவு சராசரியாக 6 டாலர் இழப்பைத் தவிர்க்கிறது, நிலநடுக்கத்துக்கு மட்டும் பார்த்தால் 3 டாலர் என்று அது கணக்கிட்டது. மூன்று மடங்கு என்பதே எந்த அரசுத் திட்டத்துக்கும் பெருமை தரும் பலன். அந்த நாட்டிலேயே, நிலநடுக்க முன்னெச்சரிக்கை அமைப்புக்கான நிதியை நிறுத்திவிட 2018 நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்காமல் பணத்தை ஒதுக்கியதால்தான் 2019-இல் கலிஃபோர்னியா மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை வரத் தொடங்கியது.

பணம் ஒதுக்கினால் மட்டும் போதுமா என்றால், துருக்கியைப் பார்க்க வேண்டும். 1999 ஆகஸ்டில் இஸ்மித் நிலநடுக்கத்தில் 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததும், அங்கே தொலைத்தொடர்பு மீது சிறப்பு வரி போடப்பட்டது. மக்கள் அதை ‘நிலநடுக்க வரி’ என்றே அழைத்தார்கள். தற்காலிகமாக வந்த வரி நிரந்தரமானது. அந்தப் பணம் எங்கே போனது என்ற கேள்வி எழுந்தபோது, சாலை, ரயில் பாதை, மருத்துவம், கல்வி என்று பொதுச் செலவுகளில் கலந்துவிட்டதாக 2011-இல் நிதியமைச்சரே சொன்னார். 2018-இல் விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பும் வழங்கப்பட்டது. 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தின் பெயரால் வசூலித்த பணத்துக்குத் தனிக் கணக்கு இருந்து, ஆண்டுதோறும் அது மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், இத்தனை பெரிய சாவு நேர்ந்திருக்குமா என்று துருக்கி மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆராய்ச்சி முடிவு அதிகாரத்தில் உள்ளவரின் காதில் விழாமல் போவதும் உண்டு. ஜப்பானின் சென்டாய் சமவெளியில் கி.பி. 869-இல் வந்த ஜோகன் சுனாமியின் மணல் படிவுகளைக் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே ஆய்வாளர்கள் கண்டெடுத்திருந்தார்கள். ஃபுகுஷிமா அணு உலையின் பாதுகாப்பை ஆராய்ந்த அரசுக் குழுவில் 2009-இல் யுகினோபு ஒகாமுரா என்ற நிலவியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார். தடுப்புச் சுவர் உயரவில்லை. 2011 மார்ச் 11-இல் அலை வந்தது. அதே அலை வந்த காமைஷி நகரில், பல ஆண்டுகள் பள்ளிகளில் பயிற்சி பெற்றிருந்த ஏறத்தாழ 3,000 மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஒரே நாடு, ஒரே நாள். ஓர் இடத்தில் ஆராய்ச்சி கோப்பில் நின்றது, இன்னோர் இடத்தில் அது பள்ளிக் குழந்தைகளின் கால்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் மகாராஷ்டிரத்தின் கில்லாரியை நினைத்துக்கொள்ளலாம். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில் இருந்த ஊர் அது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை, கணேச விசர்ஜனம் முடித்து ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது 6.2 அளவில் வந்த அதிர்வு, மண் சாந்தில் அடுக்கிய கனமான கல் சுவர்களைத் தூங்கியவர்கள்மீது தள்ளியது. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டது. கில்லாரி இருந்த அந்த மிகக் குறைந்த அபாய மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 1900-இல் கோவைப் பகுதி 6 அளவை ஒட்டி அதிர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் எழுந்த அதிர்வு சென்னைவாசிகளைத் தெருவுக்கு விரட்டியது. இமயமலையின் அளவுக்கு இங்கே ஆபத்து இல்லை என்பது உண்மை. தமிழ்நாட்டில் யாரும் பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால் 2002-க்கு முன்பு பழைய மண்டலக் கணக்கில் கட்டிய அடுக்குமாடிகளும், தரைத்தளத்தைக் கார்களுக்காகத் திறந்து விட்ட குடியிருப்புகளும் இங்குள்ள நகரங்களில் ஏராளம். எந்தத் தெருவின் மண் எவ்வளவு ஆடும் என்று நுணுகிப் பார்க்கும் ஆய்வில் சென்னையும் கோவையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த வரைபடம் ஆய்வகத்திலேயே தங்கிவிடாமல், கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரியின் மேசைக்கு வர வேண்டும். சாலை, சாக்கடை, குடிநீர் என்று ஓடிக்கொண்டிருக்கும் உதவிப் பொறியாளரிடமே இந்தப் பொறுப்பையும் சுமத்தினால் வேலை நடக்காது. இதற்கென்று பயிற்சி பெற்றவர்களை உள்ளாட்சிகளில் நியமிக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும்.

15-ஆம் நிதி ஆணையத்தின் காலம் 2026 மார்ச் வரையிலானது. அடுத்த ஐந்தாண்டுகளில் தடுப்பு நிதிக்குள் நிலநடுக்கத்துக்கென்று தனிப் பங்கு வேண்டும், நிலச்சரிவோடு சேர்த்துக் கட்டிய 750 கோடி போன்ற தொகை போதாது. புவி அறிவியல் அமைச்சகத்தின் ‘பிருத்வி’ திட்டத்துக்கு 2021-26 காலத்துக்கு ஒப்புதலான 4,797 கோடி ரூபாய் வானிலை, கடல், துருவம், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்தது. அதில் கருவி வாங்கும் செலவையும் பராமரிப்புச் செலவையும் பிரித்துக் காட்டி, பராமரிப்பை வெட்ட முடியாத இனமாக அறிவிக்க வேண்டும். பிளவுகளைத் தோண்டிப் பார்க்கும் கள ஆய்வாளர்களுக்கு இரண்டாண்டு மூன்றாண்டு ஒப்பந்தம் போதாது. ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் படிக்கிறவருக்குப் பத்தாண்டாவது நிலையான வேலை வேண்டும். இமயமலை மாநிலங்களின் அரசுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பலப்படுத்துவது முதல் வேலையாகட்டும். அங்கே இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நிதி ஆணையத்தின் அறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. மத்திய அரசும் ஒவ்வொரு மாநில அரசும் பட்ஜெட் தாக்கல் செய்யும்போதே, சென்ற ஆண்டு எத்தனை பள்ளிகள் பரிசோதிக்கப்பட்டன, எத்தனை பலப்படுத்தப்பட்டன, எத்தனை நிலநடுக்கமானிகளும் மிதவைகளும் வேலை செய்கின்றன, எத்தனை பழுதாகிக் கிடக்கின்றன, தடுப்பு நிதியில் எவ்வளவு செலவாகாமல் திரும்பியது என்ற கணக்கை ஊர் வாரியாகச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும்.